புறா முள் பட்டை: கைப்பிடிக்குச் சரி, ஏசி மூலைக்கு வேஸ்ட்

ஐந்துக்கு இரண்டரை. மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புறா உட்காராமல் தடுக்கும் இந்த முள் பட்டைக்கு விமர்சனம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பால்கனியைக் கழுவிக் கழுவி நொந்துபோனவர்கள்.

ஒரு அடி நீள பிளாஸ்டிக் பட்டை, அதன்மேல் விரிந்து நிற்கும் ஸ்டீல் கம்பிகள், அவ்வளவுதான். முனை மழுங்கல், புறா காலைக் கிழித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். குத்துவது இதன் வேலை இல்லை, இறங்குகிற பறவைக்குக் காலூன்ற இடம் கொடுக்காமல் இருப்பதுதான் வேலை.

சென்னையில் நான்காவது மாடி எங்கள் வீடு. பால்கனி கைப்பிடி, ஜன்னல் சன்ஷேட், ஏசி அவுட்டோர் யூனிட் இருக்கும் மூலை, மூன்று இடத்திலும் ஒட்டினோம். கைப்பிடியில் முழு வெற்றி. புறா அங்கே குடியிருக்க வருவதில்லை, உள்ளே ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் உட்காரும், அவ்வளவே. குறுகலான இடம் என்பதால் ஒரே வரிசைப் பட்டை முழுசாக மூடிவிட்டது. இப்போது பக்கத்து வீட்டுக் கைப்பிடியில் உட்காருகின்றன, அவர்கள் நம்மைப் பார்க்கிற பார்வைதான் சரியில்லை.

சன்ஷேடில் பாதி. அகலமான ஸ்லாப், விளிம்பில் மட்டும் ஒட்டினால் புறா அதைத் தாண்டி உள்ளே நிம்மதியாக இறங்கிக்கொள்கிறது. மூன்று நான்கு வரிசை ஒட்டக் காசு கொடுப்பதைவிட, 45 டிகிரிக்குக் குறையாத சரிவில் ஒரு வழவழப்பான தகடு அடித்துவிடலாம், கால் வழுக்கும், நிற்க முடியாது.

ஏசி மூலையில் படுதோல்வி. மாடப்புறாவின் பூர்வீகம் பாறை விளிம்பும் குகையும். மரக்கிளையில் கூடு கட்டும் வழக்கம் அதற்கு அநேகமாக இல்லை, அதனால்தான் எங்கள் வாசலில் அவ்வளவு பெரிய வேப்பமரம் இருந்தும் அதைச் சீண்டுவதில்லை, சாயங்காலம் அங்கே அடைவதெல்லாம் காக்கைதான். பழைய கிணற்றுப் பொந்து, கோபுரத்து மாடம், ரயில்வே ஸ்டேஷன் கூரை உத்தரம், புறா இருக்கும் இடங்களை யோசித்துப் பாருங்கள்: கீழே தட்டை, முதுகுப் பக்கம் சுவர், தலைக்குமேல் மறைப்பு, பூனை ஏற முடியாத உயரம், ஆபத்தென்றால் விருட்டென்று பறக்க முன்பக்கம் திறப்பு. நாம் ஏசிக்கு விட்ட மூலையில் இத்தனையும் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஒருமுறை குஞ்சு பொரித்த இடத்துக்கே ஜோடி திரும்பி வந்து பழைய கூட்டின் மேலேயே குச்சி போடும்.

முள் ஒட்டிய பிறகும் போட்டது. துடைப்ப ஈர்க்கு, காய்ந்த வேப்பங்குச்சி, யாரோ வெட்டிப்போட்ட கேபிள் டை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கம்பிகளுக்கு நடுவே செருகியது. வெறும் சிமெண்டில் காற்றடித்தால் உருண்டோடும் குச்சிகளை இந்தக் கம்பிகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. புறாவுக்குச் சாரம் கட்டிக்கொடுக்க நான் காசு செலவழித்திருக்கிறேன்! மேலே இரண்டு முட்டை. பொரிய சுமார் 18 நாள், குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதம், அதுவரை நாங்கள் அந்த ஜன்னலைத் திறக்கவில்லை.

புறாவாவது குச்சியைச் செருகியதோடு விட்டது. நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் காக்கைகளும் அவற்றின் உறவுப் பறவையான மேக்பைகளும் இந்த முள்ளையே பிடுங்கிக் கூடு கட்டுகின்றன என்று 2023இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் கிடைத்த ஒரு மேக்பை கூட்டில் சுமார் 1500 முட்கள்.

ஒட்டுகிற வேலையையும் கவனியுங்கள். எங்களுக்கு வந்த ஆள் எச்சத்தை ஒப்புக்குத் துடைத்துவிட்டு அதன்மேலேயே சிலிக்கான் பசையைப் பிதுக்கினார், முதல் மழையிலேயே பாதிப் பட்டை கீழே. போன் செய்தால் எடுப்பதில்லை. எச்சத்தைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துச் சுரண்டுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள் (காய்ந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது), நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுங்கள். ஆந்தை பொம்மை, பழைய சிடி எல்லாம் கொஞ்ச நாள் பயம் காட்டும், அப்புறம் ஆந்தையின் தலையிலேயே எச்சம் இருக்கும்.

ஏசி மூலைக்கு நைலான் வலைதான். இரண்டு அங்குலக் கண்ணி போதும், புறா நுழையாது. அணில் கடிக்கும், அவ்வப்போது ஓட்டையைத் தைக்க வேண்டும். கட்டும் முன் உள்ளே முட்டையோ குஞ்சோ இல்லை என்று பார்த்துவிடுங்கள். மாடியில் தினமும் அரிசி இறைக்கும் அங்கிள் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள், தீனி கிடைக்கும்வரை எதைப் போட்டாலும் பக்கத்திலேயே வேறு சந்து தேடும். அப்புறம் வலையில் ஒரு பக்கம் கழற்றி மாட்டுகிற மாதிரி ஹூக் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஏசி சர்வீஸுக்கு வருகிறவர் கத்திரிக்கோலால் வெட்டிவிட்டுப் போய்விடுவார்.