ஷெஹரஸாட்: முதலில் கோண்ட்ராஷின், மற்றவர்கள் பிறகு

ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் ஆர்கெஸ்ட்ரா இசையை ‘ஷெஹரஸாட்’டில் தொடங்கலாம் என்பதில் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ கதைகளை, கடலும் கப்பலுமாக, இசையில் சொல்வது இது; கதை சொல்லும் ஷெஹரஸாட்டின் குரல்தான் தனி வயலின். 1888இல் எழுதப்பட்டது, நான்கு பாகங்கள், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். எந்தப் பதிவு என்பதில்தான் சண்டையே. பல காலம் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகும் முதல் இடத்தில் நிற்பது, கிரில் கோண்ட்ராஷின் நடத்த, ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபாவ் இசைக்குழு 1979இல் பிலிப்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது. தனி வயலின் ஹெர்மன் கிரெபர்ஸ்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரங்கை அதிரவைக்க இடம் தரும் இசை இது. அந்த இடத்தையெல்லாம் பயன்படுத்திக்கொள்ளும் பதிவுகள் முதல் தடவை அசத்தும், பத்தாவது தடவை அலுக்கும். கோண்ட்ராஷின் கையை இறுக்கிப் பிடிக்கிறார். முதல் பாகத்தில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது. முதல் உச்சத்திலேயே கையிருப்பைக் காலி செய்வதில்லை. வயலினும் அப்படியே. அதே வயலின் வாசகம் நான்கு பாகத்திலும் திரும்பி வருவதால், வாசிப்பவர் ஆரம்பத்திலேயே குழைந்துவிட்டால் மூன்றாம் பாகத்துக்குள் திகட்டிவிடும். கிரெபர்ஸ் குழையாமல், கதை சொல்பவரின் நிதானத்தோடு வாசிக்கிறார். நான்காம் பாகத்தில் கப்பல் உடையும்போது விழும் டாம்-டாம் (பெரிய வெண்கலத் தட்டு) அடி, அரங்கின் எதிரொலியில் பரவி மெல்லக் கரைவதைக் கவனியுங்கள்.

குறையும் அந்த எதிரொலிதான். நான்காம் பாகத்தில் டிரம்பெட்டுகள் ஒரே சுரத்தை வேகமாக அடிக்கும் இடங்களில் விளிம்பு சற்று மழுங்குகிறது. ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு ஃப்ரிட்ஸ் ரைனர் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவோடு 1960இல் ஆர்சிஏ நிறுவனத்துக்குச் செய்த பதிவு. டிரம்பெட் போன்ற பித்தளை வாத்தியங்களுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்; நாடா இரைச்சல் லேசாக இருக்கும். தாமஸ் பீச்சமின் 1957 பதிவில் இரண்டாம் பாகம்தான் விசேஷம். பசூன், கிளாரினெட் என்ற இரண்டு குழல் வாத்தியங்களும் அவ்வளவு சுதந்திரமாக மூச்சு விடுவது வேறெங்கும் இல்லை. ஸ்டொகாவ்ஸ்கியின் 1964 லண்டன் பதிவில் மைக்குகள் ஒவ்வொரு வாத்தியத்தையும் முன்னுக்கு இழுத்துவிடும். வேடிக்கைதான், ஆனால் ஆர்கெஸ்ட்ரா அப்படித்தான் ஒலிக்கும் என்று புதியவர் நினைத்துக்கொள்வார். கெர்கியேவ் 2001இல் கிரோவ் குழுவோடு செய்தது முரட்டுத்தனமானது. இரண்டாவதாக வாங்குங்கள்.

“கேட்டேன், பிடிக்கவில்லை” என்பவர்களிடம் பெரும்பாலும் தவறுவது பதிவல்ல, செட்டிங். ஆரம்பத்துப் பித்தளை முழக்கம் முடிந்ததும் கிளாரினெட் போன்ற குழல் வாத்தியங்கள் மெல்லிய ஒலியில் வரும். அதைக் கேட்கச் சத்தத்தைக் கூட்டினால் சில நிமிடத்தில் காது கிழியும். முழக்கத்துக்கு ஏற்றபடி சத்தத்தை வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள். செயலியில் ஷஃபிள், கிராஸ்ஃபேட் இரண்டையும் அணைக்க வேண்டும். கிராஸ்ஃபேட் இருந்தால் ஒரு பாகத்தின் மெல்லிய முடிவு மேல் அடுத்தது ஏறி உட்காரும். சத்தத்தை ஒரே அளவாக்கும் ஒலிச்சமன் வசதி பாட்டுக்குப் பாட்டு வேலை செய்தால், மென்மையான மூன்றாம் பாகம் நான்காம் பாகத்தின் சத்தத்துக்கு உயர்ந்துவிடும். ஆல்பம் அளவுக்கு மாற்றுங்கள், இல்லையேல் நிறுத்துங்கள். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். முதல் பாகத்தில் அலையாக உருள்வது செலோக்கள். அது போனால் கடலே போயிற்று. சாதாரண வயர் ஹெட்ஃபோன் போதும்.

தேடும்போது இசையின் பெயரை மட்டும் போட்டால் மூன்றாம் பாகம் மட்டும் உள்ள தொகுப்புகள்தான் முதலில் வரும். நடத்துநர், இசைக்குழு இரண்டு பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பிலிப்ஸின் பழைய பதிவுகள் இப்போது டெக்கா பெயரில் வருவதால் முத்திரையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். குறுந்தகடாக வாங்கினால், அதே குழுவோடு கோண்ட்ராஷின் 1980இல் நடத்திய, இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான போரோதினின் இரண்டாம் சிம்பொனி சேர்ந்த வெளியீட்டைத் தேடுங்கள்.

ரிம்ஸ்கி-கோர்சகோவில் அடுத்துக் கேட்க வேண்டியது ‘கப்ரிச்சியோ எஸ்பஞோல்’. 1887இல் எழுதியது, ஐந்து பகுதிகள் இடைவெளியின்றிப் பதினைந்து நிமிடம் போலப் போகும். அதையும் கோண்ட்ராஷினே 1958இல் ஆர்சிஏவுக்குப் பதிவு செய்திருக்கிறார்.