ஆலிவர் பைர்னின் வண்ண யூக்ளிட்: டாஷென் நகல் பதிப்பு வாங்கலாமா?

பழைய கணித அச்சுப் புத்தகங்கள் மேல் ஆசை இருந்தும் விலையைப் பார்த்து ஒதுங்கி நிற்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்தப் புத்தகத்தைத்தான். பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் ‘எலிமெண்ட்ஸ்’ என்ற வடிவியல் நூலின் முதல் ஆறு பாகங்களை (அவற்றைப் ‘புத்தகங்கள்’ என்றே சொல்வார்கள்) ஆலிவர் பைர்ன் வண்ணப் படங்களால் விளக்கி எழுதினார், அதை 1847இல் லண்டனில் வில்லியம் பிக்கரிங் வெளியிட்டார், அசல் பிரதி இன்று ஏலத்துக்கு வந்தால் பல லட்சம் ரூபாய் போகும். அதைத்தான் டாஷென் பதிப்பகத்தார் 2010இல் நகல் பதிப்பாகப் போட்டார்கள்.

முக்கோணம் ஏபிசி, பக்கம் பிசி என்று எழுத்துகளால் சொல்லும் வழக்கத்தைப் பைர்ன் விட்டுவிட்டார். நிரூபணத்தின் வரிகளுக்கு நடுவிலேயே அந்தந்தக் கோணத்தையும் கோட்டையும் சிவப்பு, நீலம், மஞ்சள், கருப்பில் குட்டிக் குட்டியாக அச்சிட்டிருக்கிறார். முதல் புத்தகத்தின் 47ஆம் கூற்றை, அதாவது நாம் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தை, எடுத்துப் பாருங்கள், படத்துக்கும் வரிக்கும் மாறி மாறி எழுத்தைத் தேடும் வேலையே இல்லை, கண் நிறத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. வழக்கமாக ஆகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டாம் என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். எல்லாப் புத்தகங்களுக்கும் அது பொருந்தாது, ஆனால் முதல் புத்தகத்துக்கு நான் நம்புகிறேன்.

அச்சு வேலை சார்லஸ் விட்டிங்ஹாமின் சிஸ்விக் அச்சகத்துடையது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும், ஒரு மயிரிழை விலகினாலும் நீலக் கோடு சிவப்புக் கோட்டைத் தொடாது, அப்புறம் நிரூபணமே கெட்டுவிடும். 1482இல் வெனிஸில் எர்ஹார்ட் ராட்டோல்ட் யூக்ளிடை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தபோது படங்களை ஓரங்களில்தான் வைத்தார், படம் அச்சிடுவதில் உள்ள சிரமத்தால்தான் கணித நூல்கள் அவ்வளவாக அச்சாகவில்லை என்றும் எழுதினார். அதற்கு 365 வருடம் கழித்து அதே படங்கள் வரிக்குள்ளேயே நுழைந்துவிட்டன, இந்த நகலை நான் திரும்பத் திரும்பப் புரட்டுவதற்குக் காரணம் அதுதான்.

குறைகளும் உண்டு. விகிதங்களைப் பற்றிய ஐந்தாம் புத்தகத்தில் வண்ணம் உதவவே இல்லை, சின்னச் சின்ன வடிவங்கள் வெறும் எழுத்துக்குப் பதிலாக நிற்கின்றன, படிக்க அலுப்பாக இருக்கிறது. ஆங்கில ‘எஸ்’ பல இடங்களில் ‘எஃப்’ மாதிரி நீண்டிருக்கும் பழைய வடிவம், பழகச் சில பக்கங்கள் ஆகும். கூட வரும் வெர்னர் ஓக்ஸ்லினின் கட்டுரை நல்ல கட்டுரை, அதைத் தவறவிடாதீர்கள்.

படிக்க மட்டும் போதும் என்றால் காசு செலவழிக்க வேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் கணிதத்துறைத் தளத்தில் அசலின் பக்கப் படங்கள் இருக்கின்றன. நிக்கோலஸ் ரூஷோ 2018இல் உருவாக்கிய தளம் இன்னும் வசதி, நிரூபணத்தில் ஒரு வடிவத்தைத் தொட்டால் படத்தில் அது தனியாகத் தெரியும். ஆனால் தாளில் அந்த மஞ்சளும் சிவப்பும் பக்கத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பதைத் திரை தருவதில்லை, நகலுக்குக் காசு கொடுப்பது அதற்காகத்தான்.

பழைய பிரதியாக வாங்கினால் பெட்டியும் கட்டுரைக் கையேடும் கூட இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். எனக்கு ஒரு இணைய விற்பனையாளர் பெட்டி நசுங்கிய பிரதியை அனுப்பிவிட்டு மாற்றித் தர மறுத்துவிட்டார், அதனால் மூலைகளின் படத்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.