லஸ்ட்ரான் எஃகு வீட்டில் பதினோரு குளிர்காலங்கள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், 1949இல் எழுப்பப்பட்ட லஸ்ட்ரான் எஃகு வீட்டை 2013இல் வாங்கி, பதினோரு குளிர்காலங்களை அதில் கழித்திருக்கிறேன். இத்தனை காலத்தில் ஒருமுறைகூடச் சுவருக்கு வண்ணம் அடித்ததில்லை. படம் மாட்ட ஓர் ஆணி அறைந்ததில்லை. வெளிச்சுவர், உட்சுவர், கூரை ஓடு, உட்கூரை, அலமாரி என எல்லாமே எனாமல் பூசிய எஃகுத் தகடுகள் என்பதால், நாட்காட்டி முதல் குடும்பப் படங்கள் வரை அனைத்தும் காந்தத்தில்தான் தொங்குகின்றன.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது அமெரிக்காவில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. சிகாகோ எனாமல் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் என்னும் பொறியாளர், பெட்ரோல் நிலையங்கள் கட்டுவதற்கு எஃகு ஒதுக்கீடு கேட்டு வாஷிங்டனுக்குப் போனார். பெட்ரோல் நிலையத்துக்கு எஃகு கிடையாது, வீடு கட்டுவதானால் பேசலாம் என்ற நிலை அங்கே இருந்தது. அப்படிப் பிறந்ததுதான் லஸ்ட்ரான் நிறுவனம். கொலம்பஸ் நகரில் போர்க்காலத்தில் விமானம் செய்த ஆலையில், 3 கோடி டாலருக்கும் மேற்பட்ட அரசுக் கடனுடன், 1948 முதல் 1950 வரை ஏறத்தாழ 2,500 வீடுகள் உருவாயின. ஒரு வீட்டுக்கு வேண்டிய அத்தனை பாகங்களும் ஒரே லாரியில் வந்து இறங்கும். அடக்க விலை எதிர்பார்த்ததைவிட ஏறியதும், பல ஊர்களின் கட்டட விதிகள் எஃகு வீட்டை ஏற்க மறுத்ததும் சேர்ந்து நிறுவனத்தை 1950இல் மூடவைத்தன. அன்று முதல் இந்த வீட்டுக்கு உதிரிபாகம் செய்பவர் எவரும் இல்லை. இங்கே வாழ்வதன் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

எங்கள் வீடு வெஸ்ட்செஸ்டர் வகை, இரண்டு படுக்கையறைகள், 1,085 சதுர அடி. வெளிச்சுவரில் இரண்டடிச் சதுரத் தகடுகள் வெளிர்நீலத்தில் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. கண்ணாடித் தூளை எஃகின்மேல் பூசி உலையில் சுட்டு உருக்கிய பூச்சு அது, வெயிலில் வெளிறுவதில்லை. ஆண்டுக்கு இருமுறை சோப்புநீரும் மென்துணியும் போதும். தேய்க்கும் பொடி மட்டும் கூடாது. பளபளப்பு ஒருமுறை போனால் போனதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உட்கூரைக்கு மேலுள்ள இடைவெளியில் சூடான காற்றைச் செலுத்தி, உட்கூரைத் தகடுகளின் வழியே அறையைச் சூடாக்கும் ஏற்பாடு இங்குள்ளது. தரையோ நேராக மண்மேல் ஊற்றிய கான்கிரீட். ஆகவே, சனவரி மாதத்தில் தலைக்கு வெதுவெதுப்பும் காலுக்கு ஜில்லிப்புமாக உட்கார்ந்திருப்போம். கம்பளம் விரித்த பிறகே என் மனைவி இந்த வீட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னாள். சுவருக்குள் வைத்த கண்ணாடி இழைப் போர்வை மெல்லியது என்பதால் எரிவாயுச் செலவும் கூடுதல். கைப்பேசிக்குச் சன்னல் ஓரம் போக வேண்டும். வைஃபை ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறது.

அந்த வைஃபையால்தான் பெரிய இழப்பும் நேர்ந்தது. இணைய இணைப்புக் கொடுக்க வந்தவர், நான் அலுவலகத்தில் இருந்த நேரம் பார்த்து, வெளிச்சுவரில் துளைபோட்டுவிட்டார். எனாமல் தட்டு கைதவறி விழுந்து விளிம்பில் சில்லு தெறித்ததைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: துளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து, கருத்த எஃகு தெரிந்தது. சிறு சில்லுகளை எபாக்சி வண்ணம் தொட்டு மூடிவிடலாம். இவ்வளவு பெரியதை விட்டால் இரண்டு குளிர்காலத்தில் துரு ஓடிவிடும்.

புதுத் தகடு உலகில் எங்கும் கிடையாது. பக்கத்து மாநிலத்தில் இதே நிற வீடொன்றை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, ஒரு சனிக்கிழமை நண்பர்கள் இருவருடன் போய்ப் பதினான்கு தகடுகளைக் கழற்றி வந்தேன். ஒன்றோடொன்று கொக்கி கோத்து நிற்பவை அவை. பொருத்திய வரிசைக்கு நேர் எதிராகத்தான் கழற்ற வரும், நடுவிலிருந்து ஒன்றை உருவ முடியாது. எங்கள் சுவரில் ஒரு தகட்டை மாற்ற, மூலையிலிருந்து ஒன்பதைக் கழற்ற வேண்டியிருந்தது. புதிதாக வந்தது எது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டேன். சுவரருகே நின்று வெகுநேரம் பார்த்தும் அவரால் சொல்ல முடியவில்லை. இரண்டு ஊர்களில், இரண்டு வெயில்களில், அறுபத்தைந்து ஆண்டுகள் கிடந்த தகடுகளுக்குள் ஓர் இழை நிறவேறுபாடுகூட இல்லை.

கட்டியவற்றில் பாதிக்கு மேல் இன்னும் நிற்பதாகக் கணிப்பு. நிற்பவை பிழைப்பது பெரும்பாலும் இடிபட்டவற்றின் உடலைக்கொண்டே. வர்ஜீனியாவின் குவாண்டிகோ கடற்படைவீரர் தளத்தில் அறுபது லஸ்ட்ரான்கள் கூட்டமாக இருந்தன. 2006 வாக்கில் இலவசமாக எடுத்துச் செல்லலாம் என்று அறிவித்தும் முன்வந்தவர்கள் மிகச் சிலரே. கழற்றி ஏற்றி வேறிடத்தில் கோக்க ஆகும் கூலியும் புது அடித்தளமும் 'இலவசம்' என்ற சொல்லைத் தின்றுவிடுகின்றன. ஆர்லிங்டனில் கழற்றப்பட்ட இன்னொரு வீடு 2008இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நின்று, பின்னர் கொலம்பஸிலுள்ள ஒஹையோ வரலாற்று மையத்தில் இடம்பிடித்தது. அங்கே அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

வாங்க நினைப்பவர் முதலில் கூரையைப் பார்க்கட்டும். எஃகு ஓட்டின்மேல் தார் ஓடு அடித்திருந்தால் அத்தனை ஆணித்துளையும் துருவுக்கு வாசல். வெளிச்சுவரை வினைல் பலகை போர்த்தி மறைத்திருந்தாலும் அதே கதைதான்.

மீதித் தகடுகள் என் கொட்டகையில் பழைய போர்வைகளுக்கிடையே கிடக்கின்றன. சென்ற மாதம் இண்டியானாவிலிருந்து ஒருவர் மூன்று கேட்டு வந்தார். இரண்டைக் கொடுத்தேன். மூன்றாவது சன்னலுக்குக் கீழே வரும் வெட்டுத் தகடு, அந்த அளவில் என்னிடம் இருப்பது அது ஒன்றே. தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.