காப்பீடா, சமையலா, மீன்தொட்டியா: விளம்பர வருமானம் எதில் தேறும்?

விளம்பர வருமானத்துக்காக வலைத்தளம் தொடங்க நினைப்பவர் முதலில் தேடுவது ‘அதிக சிபிசி தரும் துறைகள்’ பட்டியலைத்தான். சிபிசி என்றால் ஒரு விளம்பரக் கிளிக்குக்கான விலை. காப்பீடு, கடன், வழக்கறிஞர் சேவை என்று எல்லாப் பட்டியலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். பட்டியல் பொய்யில்லை, ஆனால் அதிலுள்ள விலை உங்கள் பக்கத்தின் விலை இல்லை. கூகுளின் விளம்பரக் கருவியான கீவேர்ட் பிளானர் காட்டுவது, கூகுள் தேடல் பக்கத்தில் இடம்பிடிக்க விளம்பரதாரர்கள் கேட்கும் ஏலத்தொகை. உங்கள் கட்டுரைக்கு நடுவே வருவது டிஸ்ப்ளே விளம்பரம், அதாவது பக்கத்துக்குள் காட்டப்படும் பட விளம்பரம். அதன் ஏலம் வேறு, விலையும் பொதுவாக வெகு குறைவு. போதாக்குறைக்கு, 2024 தொடக்கத்தில், தளங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ், கிளிக் கணக்கை விட்டுவிட்டு, விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கைக்குப் பணம் என்ற முறைக்கு வந்துவிட்டது. ஆகவே பார்க்க வேண்டியது ஆர்பிஎம், அதாவது ஆயிரம் பக்கப் பார்வைக்குக் கிடைக்கும் தொகை. அப்படிப்பட்ட ஆயிரங்கள் மாதத்துக்கு எத்தனை வரும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

காப்பீட்டில் விலை ஏறுவதற்குக் காரணம் எளிது. ஒரு வாடிக்கையாளர் சிக்கினால் பல ஆண்டுகள் பிரீமியம் கட்டுவார். அவரைப் பிடிக்க நிறுவனம் தாராளமாகச் செலவழிக்கும். அதே காரணத்தால் தேடல் முடிவுகளிலும் வங்கிகளும் பெரிய ஒப்பீட்டுத் தளங்களும் உட்கார்ந்திருக்கும். பணம், உடல்நலம் இரண்டையும் கூகுள் ‘ஒய்எம்ஒய்எல்’ (‘உங்கள் பணம் அல்லது உயிர்’) என்று தனியாக வைத்து, எழுதுபவரின் தகுதியைக் கடுமையாக எடைபோடும்படி தன் மதிப்பீட்டாளர்களிடம் சொல்கிறது. கூகுள் தேடல் வரிசையை மாற்றிய 2018 ஆகஸ்ட் அப்டேட்டில் பல மருத்துவக் குறிப்புத் தளங்கள் சரிந்தது, அந்தத் துறையில் இருந்தவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. நீங்கள் மருத்துவரோ நிதி ஆலோசகரோ இல்லையென்றால், இந்த இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு கற்பனைக் கணக்கு. காப்பீட்டுத் தளத்துக்கு ஆர்பிஎம் 20 டாலர், மாதம் 500 பார்வை: 10 டாலர். சமையல் தளத்துக்கு ஆர்பிஎம் 6 டாலர், மாதம் 30,000 பார்வை: 180 டாலர். ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். முதல் ஆள் பத்து மாதம் காத்திருக்க வேண்டும், இரண்டாவது ஆள் முதல் மாதமே அந்தத் தொகையைத் தாண்டிவிடுவார்.

சமையலின் பலம் பக்கத்தின் நீளத்தில் இருக்கிறது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, போனை நிமிர்த்தி வைத்து, அளவைப் பார்க்க மேலும் கீழும் உருட்டுவார்கள். அத்தனை நேரமும் விளம்பரம் கண்ணில் படும். பண்டிகை மாதங்களில் கூட்டமும் விளம்பரப் பட்ஜெட்டும் சேர்ந்தே ஏறும்; ஜனவரியில் ஆர்பிஎம் பொத்தென்று விழும், பயப்பட வேண்டாம். பலவீனம், போட்டி. அதோடு நல்ல படம் எடுக்கத் தெரிய வேண்டும். படமில்லாத சமையல் குறிப்பை யாரும் நம்புவதில்லை.

தொழில்நுட்ப உதவிக் குறிப்புகளுக்குத் தேடல் எக்கச்சக்கம். ஆனால் வந்தவர் விடையைப் பார்த்ததும் கிளம்பிவிடுவார். விளம்பரத்தை மறைக்கும் ஆட்பிளாக்கர் வைத்திருப்பவர்களும் இங்கேதான் அதிகம். மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறினால் பழைய கட்டுரைகள் குப்பை. 2024 மே மாதம் முதல் கூகுள் தேடல் பக்கத்திலேயே ஏஐ சுருக்கம் வரத் தொடங்கியதால், ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விகளை இனி நம்ப முடியாது. சினிமாச் செய்தி அதைவிட மோசம். இன்று வெள்ளம், நாளை வறண்ட குளம்.

என் கை போவது குறுகிய பொழுதுபோக்குத் துறைகளின் பக்கம். மீன்தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய தொட்டியில் அம்மோனியா நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரேட்டாக மாறும் சுழற்சி நிலைபெறப் பல வாரங்கள் பிடிக்கும். அதற்குள் தண்ணீர் கலங்கும், மீன் சாகும், ஆள் பதறிப்போய் மறுபடி மறுபடி தேடுவார். ஒரே வாசகருக்கு ஏழெட்டுக் கேள்விகள். ஃபில்டர், விளக்கு, ஹீட்டர் விற்பவர்கள் விளம்பரம் தருவார்கள். பரிந்துரைத்த பொருள் விற்றால் கிடைக்கும் கமிஷனான அஃபிலியேட் வருமானமும் ஒட்டிக்கொண்டு வரும். நைட்ரஜன் சுழற்சிக்குப் புதிய பதிப்பு கிடையாது என்பதால் கட்டுரை பல ஆண்டுகள் உழைக்கும். கூட்டம் சமையல் அளவுக்கு வராது, உண்மைதான். ஆனால் சொந்தமாகத் தொட்டி வைத்து, அழுக்குத் தண்ணீரைப் படமெடுத்துப் போடுபவரோடு போட்டியிடப் பெரிய நிறுவனங்கள் அவ்வளவாக மெனக்கெடுவதில்லை.

டொமைன் (தளத்தின் பெயர்) வாங்கும் முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். நீங்கள் எழுத நினைக்கும் பத்துக் கேள்விகளைத் தேடிப் பாருங்கள். முதல் பக்கத்தில் தனிமனிதர் நடத்தும் தளம் இரண்டு மூன்றாவது தென்பட்டால் உள்ளே நுழைய வழி இருக்கிறது. பத்திலும் வங்கியும் மருத்துவமனையும் பெரிய பத்திரிகையுமே வந்தால், அடுத்த துறைக்குப் போய் அதற்கான பத்துக் கேள்விகளைத் தேடுங்கள்.