குறைந்த செலவில் வீட்டு ரெக்கார்டிங்: வருடங்கள் ஓடிய பிறகு மேசையில் எஞ்சியவை

ஆரம்பத்தில் வாங்கிய ரெக்கார்டிங் சாமான்களில் இன்றைக்கும் உழைத்துக்கொண்டிருப்பவை ஒரு டைனமிக் மைக் (தனி மின்சாரம் கேட்காத முரட்டு வகை), ஒரு கனமான மைக் ஸ்டாண்ட், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி, மாறிவிட்டது. லேப்டாப் மாறிவிட்டது. கேபிள்களில் பாதி குப்பைக்குப் போய்விட்டது. கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுக்க வேண்டிய, நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் வகை) ஒன்று வந்து கொஞ்ச காலம் ராஜாவாக இருந்து, இப்போது பெட்டிக்குள் இருக்கிறது. தேவைப்பட்டால் மட்டும் வெளியே வரும். அன்றைக்கு நான் படித்த ரிவ்யூக்கள் எல்லாம் பெட்டி பிரித்த சூட்டோடு எழுதியவை. ஒலி எப்படி என்று சொல்லின. சாக்கெட் எத்தனை நாள் தாங்கும், டிரைவர் (பெட்டியை லேப்டாப்புக்கு அடையாளம் காட்டும் மென்பொருள்) எதுவரை கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியது.

நான் பாடுவேன், அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பேன். சில சமயம் வயலின் வாசிக்கும் நண்பர் வருவார். ஒரே நேரத்தில் இரண்டு மைக்குக்கு மேல் தேவைப்பட்டதில்லை. முழு டிரம் செட்டைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. அவர்களுக்கு எட்டு இன்புட் வேண்டும், அது வேறு கணக்கு.

இன்டர்ஃபேஸில் தொடங்குகிறேன். இரண்டு இன்புட் உள்ள சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் இன்று 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து) சுலபமாகப் பதிவு செய்கின்றன. அட்டைப்பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 192 கிலோஹெர்ட்ஸை நான் ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டால் ஹார்ட் டிஸ்க் நான்கு மடங்கு வேகத்தில் நிரம்பும், பாட்டு அதேதான். 24 பிட் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட்டின் வீச்சு 96 டெசிபல், 24 பிட்டின் வீச்சு ஏட்டளவில் 144. அதனால் லெவலைச் சிவப்பு விளக்குவரை தள்ள வேண்டிய அவசியமே இல்லை. பாட்டில் குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தைப் பாடிப் பார்த்து, மீட்டர் (அதன் உச்சவரம்பு 0) மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி கெயினை, அதாவது மைக் சத்தத்தைப் பெருக்கும் குமிழை, வைப்பேன். உணர்ச்சிவசப்பட்டு இன்னும் கொஞ்சம் ஓங்கிப் பாடிவிட்டாலும் டேக் பாழாகாது.

ஒலியைவிட என்னை அதிகம் படுத்தியது டிரைவர். என் முதல் இன்டர்ஃபேஸைத் தயாரித்த நிறுவனம், பெயர் வேண்டாம், புதிய இயங்குதளத்துக்கு டிரைவர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. பெட்டி குத்துக்கல்லாட்டம் அப்படியே இருக்கிறது. லேப்டாப்புக்குத்தான் அதை அடையாளம் தெரியவில்லை. ஒரு காலத்தில் ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் வாங்கியவர்கள் பாடு இதைவிட மோசம், புது லேப்டாப்பில் சொருக இடமே இல்லாமல் போனது. ஆகவே இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது, அது யுஎஸ்பி கிளாஸ் கம்ப்ளையன்ட் வகையா என்று. அப்படியானால் மேக், லினக்ஸ், ஐபேட் எதிலும் தனி டிரைவர் இல்லாமலே ஓடும். விண்டோஸ் 10-க்குள்ளேயே 2017-இல் யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 டிரைவர் வந்துவிட்டது. ஆனாலும் விண்டோஸில், பாடியது கம்ப்யூட்டர் வழியாகக் காதுக்குத் திரும்பி வரும் தாமதத்தைக் குறைக்க, ஏஎஸ்ஐஓ என்ற வகை டிரைவர் தேவைப்படும். நீங்கள் வாங்கப்போகும் பெட்டியின் நிறுவனம் தன் பழைய மாடல்களுக்கு இன்னும் டிரைவர் தருகிறதா என்று அதன் டவுன்லோடு பக்கத்தில் பார்த்துவிடுங்கள். பழையதைக் கைவிட்டவர்கள் நாளைக்கு உங்களுடையதையும் கைவிடுவார்கள்.

அந்தத் தாமதம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கும் இடம்தான் பஃபர்; 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் (ஒலி அளவீடு) பஃபர் வைத்தால் 5.3 மில்லிசெகண்ட். உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை, கன்வெர்ட்டருக்கும் டிரைவருக்கும் மேலே கொஞ்சம். கூட்டினால் பத்தைத் தாண்டிவிடும். கிட்டார் வாசிக்கும்போது இது பழகிப்போகிறது. பாடும்போது அப்படியில்லை. சொந்தக் குரல் தலைக்குள் ஒருமுறையும் ஹெட்போனில் ஒரு நூல் பிந்தியும் கேட்டால் சுருதி ஆட ஆரம்பிக்கும். டைரக்ட் மானிட்டர் சுவிட்ச் அதற்குத்தான்: மைக் சத்தம் கம்ப்யூட்டருக்குள் போகாமலே நேராகக் காதுக்கு வரும். மலிவான பெட்டியிலும் இது இருக்கிறது. இல்லாததை வாங்க வேண்டாம்.

மைக் வாங்கும்போது எல்லாரும் கேட்பது கண்டென்சரா டைனமிக்கா என்று. இதற்கு நான் சொல்லும் பதில் அறையைப் பொறுத்தது, ஆனால் அதற்கு முன் ஒரு எண்ணைக் கவனிக்க வேண்டும், சென்சிட்டிவிட்டி: குறிப்பிட்ட ஒலி அழுத்தத்துக்கு மைக் எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது என்பது. ஷூர் எஸ்எம்57 மைக்குக்கு அது பாஸ்கலுக்கு 1.6 மில்லிவோல்ட். ஆடியோ-டெக்னிகா ஏடி2020 கண்டென்சருக்கு 14.1. அதாவது ஒரே குரலுக்கு இரண்டாவது மைக் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு மின்னழுத்தம் தருகிறது; டெசிபலில் 19 வித்தியாசம். அந்த 19-ஐ இன்டர்ஃபேஸுக்குள் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்தான் ஈடுகட்ட வேண்டும். கெயின் போதாத பெட்டியில் டைனமிக் மைக்கைச் சொருகி மெல்லப் பாடினால், குமிழை முழுக்கத் திருகியும் லெவல் வராது, ஸ்ஸ் என்ற இரைச்சல் மட்டும் வரும். மைக் மட்டம் என்று அதன் மேல் பழி விழும்.

வீடியோக்களில் எல்லாருடைய வாய்க்கு முன்னும் நிற்கும் ஷூர் எஸ்எம்7பி இன்னும் கூச்சக்காரன், 1.12 மில்லிவோல்ட். குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வின் மூன்றாம் தலைமுறை கொடுப்பது 56. 2023-இல் வந்த நான்காம் தலைமுறை 69. ஒரே பெயர், பார்க்கவும் ஏறக்குறைய ஒன்றுபோல், ஆனால் இந்த மைக்குக்கு ஒன்று போதும், மற்றது போதாது. பழைய மாடல் விலை குறைந்திருக்கிறதே என்று எடுப்பவர்கள் தங்களிடம் எந்த மைக் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து எடுங்கள். கண்டென்சர் வைத்திருந்தால் பழையதே தாராளம்.

என் அறையில் டைனமிக்தான் ஜெயித்தது. காரணம் மைக் அல்ல, ஜன்னல். ஏடி2020-இன் சொந்த இரைச்சல், அதாவது மைக் தானே எழுப்பும் இரைச்சல், 20 டெசிபல், ரோட் என்டி1-ஏ-வின் சொந்த இரைச்சல் வெறும் 5. தாளில் பெரிய வித்தியாசம். ஆனால் தெருவைப் பார்த்த ஜன்னலும் ஓடுகிற மின்விசிறியும் உள்ள அறை 30-ஐத் தாண்டிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் 5-க்காகக் கொடுக்கும் கூடுதல் காசு கேட்கவே கேட்காது. டைனமிக் மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடலாம், அப்போது அறை பின்னுக்குப் போய்விடும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், அறையின் எதிரொலி இருந்த இடத்திலேயே இருக்கும். காசில்லாமல் கிடைக்கிற 6 டெசிபல். மிகவும் நெருங்கினால் கீழ் சுரங்கள் பருத்துக்கொள்ளும். ஒரு கைமுஷ்டி இடைவெளி எனக்குச் சரியாக வருகிறது. மைக்கை நேராக வாய்க்கு நீட்டாமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் ப, ட போன்ற எழுத்துகளின் காற்று வெடிப்பும் தப்பித்துப் போகும்.

கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தை அதிகம் பிடிக்கும்) மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். லேப்டாப்பை எப்போதும் அந்த முதுகுக்கு நேர் பின்னால் வைக்கிறேன். அதன் விசிறிச் சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. இதே காரணத்தால், எதிரொலியைக் குறைக்கப் போர்வையைத் தொங்கவிட வேண்டிய இடம் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால்தான். மைக்கின் கண் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரை. மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக மாட்டும் ஃபோம் கவசங்களை விற்கிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஸ்டாண்ட் வந்துவிடும்.

சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்ஜெட்டில் பாதியை அதில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமென்றால் அதன் அலைநீளத்தில் கால்பங்கு அளவுக்குத் தடிமனோ சுவரிலிருந்து இடைவெளியோ தேவை. 1000 ஹெர்ட்ஸுக்கு அது எட்டரை சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸுக்கு 86 சென்டிமீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் ஃபோம் மேல் சுரங்களை மட்டும் தின்றுவிட்டு, அடியில் உறுமுவதை அப்படியே விட்டுவிடும். அறை செத்தும் இருக்கும், உறுமவும் செய்யும். முட்டை அட்டை அதற்கும் கீழே. மடித்து நிறுத்திய மெத்தை, துணி நிறைந்த திறந்த அலமாரி, பத்து சென்டிமீட்டர் தடிமனில் ராக்வூல் (பாறை இழை) பலகை, இவைதான் எனக்குப் பலன் தந்தவை. பலகையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் இன்னும் கீழே வரை வேலை செய்யும்.

கிட்டாருக்கு மட்டும் கண்டென்சரை வெளியே எடுக்கிறேன். கிட்டாரின் கழுத்து உடலோடு சேரும் பக்கத்தில், 12-ஆவது ஃபிரெட்டை ஒட்டி, ஓர் அடி தள்ளி. ஓட்டைக்கு நேராக வைத்தால் புஸ்ஸென்று காற்றும் பருத்த அடிச்சத்தமும்தான் வரும். வயலினுக்கும் அதே மைக்தான், தலைக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி. வில்லின் உரசல் அதில் பொறுக்கும்படி இருக்கிறது. கண்டென்சரை வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைத்துவிட வேண்டும், ஈரம் அதற்கு ஆகாது. டைனமிக் ஸ்டாண்டிலேயே கிடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

ஹெட்போனில் நான் பார்ப்பது பாகம் கிடைக்குமா என்பதைத்தான். காது மெத்தை எந்த ஹெட்போனிலும் முதலில் உரியும். கறுப்புத் தூள் கன்னத்தில் ஒட்டும். அடுத்தது கேபிள், பிளக்கை ஒட்டிய இடத்தில். ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் மாதிரி கழற்றி மாட்டும் கேபிள் இருந்தால் ஒரு நிமிட வேலை. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ போன்றவற்றுக்குத் துணி மெத்தை தனியாகக் கிடைக்கிறது; ஆனால் அதில் 32, 80, 250 ஓம் (மின்தடை அளவு) என்று வகைகள் உண்டு, 250 சின்ன இன்டர்ஃபேஸில் போதிய சத்தம் தராமல் போகலாம். எதை எடுத்தாலும் காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடிய வகையாக இருக்கட்டும். திறந்த வகையில் தாளத்துக்காக ஓடும் கிளிக் சத்தம் கசிந்து மைக்கில் ஏறும், குரல் நிற்கும் இடத்தில் அது தனியாகக் கேட்கும்.

கேபிளை நான் இப்போது வாங்குவதில்லை, செய்துகொள்கிறேன். மைக் கேபிளில் இருக்கும் எக்ஸ்எல்ஆர் பிளக்கின் பின்பக்கத்தைத் திருகிக் கழற்றினால் உள்ளே மூன்று முனைகள்: 1 ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய உறை), 2-லும் 3-லும் ஒரே சிக்னல், ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றாக ஏறுவதால் மறுமுனையில் கழிந்துவிடுகிறது. இதில் ஒரு கம்பி விட்டுப்போனால் பாட்டு நிற்காது, மெலிந்து போகும், கூடவே ம்ம்ம் என்ற ஹம் வரும். மைக் கெட்டுவிட்டது என்று நினைக்க வைக்கும் கோளாறு இது. ஈயம் வைக்கத் தெரிந்தால் பத்து நிமிடத்தில் சரி. ஊற்றி மூடிய பிளாஸ்டிக் பிளக் என்றால் முழுக் கேபிளும் வீண். எல்லாக் கேபிளிலும் ஹம் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர்தான், பேட்டரியில் ரெக்கார்டு செய்துகொள்ளலாம்.

சாஃப்ட்வேர் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நான் ரீப்பர் வைத்திருக்கிறேன், மேக்காரர்களுக்கு கராஜ்பேண்ட் சும்மாவே இருக்கிறது, வெறும் பதிவுக்கு ஆடாசிட்டி போதும். எதிலும் நல்ல பாட்டு வரும், எதிலும் மோசமான பாட்டும் வரும்.

செகண்ட் ஹேண்டில் டைனமிக் மைக், ஸ்டாண்ட் இரண்டையும் தைரியமாக எடுக்கலாம். எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டுக்கும் போலிகள் உலவுகின்றன. தராசில் வைத்துப் பாருங்கள், 57 ஏறக்குறைய 284 கிராம், 58 ஏறக்குறைய 298. கையில் காற்றாட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்டர்ஃபேஸ் என்றால் சொருகிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்புங்கள், கரகரவென்றால் தேய்ந்திருக்கிறது. கண்டென்சருக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரைப் போட்டு இரண்டு இன்புட்டிலும் கண்டென்சரைச் சோதியுங்கள். கடைசியாக யுஎஸ்பி கேபிளை விரலால் லேசாக ஆட்டுங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் அந்தச் சாக்கெட் போர்டிலிருந்து விடுபட்டுக்கொண்டிருக்கிறது. என் இரண்டாவது இன்டர்ஃபேஸ் ஒலியில் ஒரு குறையும் இல்லாமல் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. இப்போது இருப்பதில் யுஎஸ்பி கேபிளை ஒரு வளையம் சுற்றி மேசைக் காலில் கட்டி வைத்திருக்கிறேன், இழுப்பு சாக்கெட்டுக்குப் போகாது.

மைக், ஹெட்போன், இன்டர்ஃபேஸ் மூன்றும் சேர்ந்த பண்டில் பெட்டி மலிவாகத் தெரியும். அதில் இன்டர்ஃபேஸ் சரியாக இருக்கும், ஹெட்போன்தான் பெரும்பாலும் முதலில் ஓய்வு பெறும். மூன்றின் தனித்தனி விலையையும் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் சொற்பமென்றால் தனித்தனியே வாங்குவதே மேல். மானிட்டர் ஸ்பீக்கர் நான் இன்னும் வாங்கவில்லை. மூன்று மீட்டர் நீள அறையில் 57 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தானாகவே வீங்கிக்கொள்ளும், அங்கே எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வைத்தாலும் பேஸ் விஷயத்தில் பொய்தான் சொல்லும். மிக்ஸை ஹெட்போனில் முடித்துவிட்டு, கார் ஸ்பீக்கரிலும் போனிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். ராக்வூல் பலகைகள் இன்னும் நான்கு சேர்ந்த பிறகு ஸ்பீக்கரைப் பற்றி யோசிப்பதாக இருக்கிறேன்.