ஒற்றை உள்நுழைவு: சாம்எல்லா, ஓப்பன்ஐடி கனெக்டா?

வலைச் செயலியில் ஒற்றை உள்நுழைவை, அதாவது ஒருமுறை உள்நுழைந்தாலே பல செயலிகளைப் பயன்படுத்தும் வசதியை, சேர்க்க முனைவோர் பெரும்பாலும் 2005இல் தரநிலையான சாம்எல் (SAML) 2.0, 2014இல் வெளிவந்த ஓப்பன்ஐடி கனெக்ட் ஆகிய இரண்டு நெறிமுறைகளில் ஒன்றையே தேர்கின்றனர். இரண்டிலும் கடவுச்சொல் நம் செயலிக்கு வருவதே இல்லை. பயனர் யாரென உறுதிசெய்யும் அடையாளச் சேவை அதைச் சரிபார்த்து, கையொப்பமிட்ட சான்றை மட்டும் தருகிறது.

அந்தச் சான்றைக் கையாள்வதில்தான் வேறுபாடு. சாம்எல்லில் அது எக்ஸ்எம்எல் என்ற குறிச்சொல் வடிவ ஆவணமாக, பொதுவாகப் பயனரின் பிரவுசர் வழியே வந்து சேர்கிறது. கையொப்பம் சரி என்று கண்ட பிறகும், கையொப்பமிடப்பட்ட அதே பகுதியைத்தான் நிரல் படிக்கிறதா என்று சோதிக்காவிட்டால், இடையில் செருகப்பட்ட போலிப் பெயரை அது நம்பிவிடக்கூடும். (இந்தச் சோதனையை நாமே எழுத முற்படுவது வீண் துணிச்சல்.) ஓப்பன்ஐடி கனெக்டிலோ, வழக்கமான முறையில் பிரவுசர் வழியே வருவது ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் குறியீடு, நம் சர்வர் அதை அடையாளச் சேவையிடம் நேரடியாகக் கொடுத்து, ஜேசன் என்ற எளிய தரவு வடிவிலான டோக்கனை (கையொப்பமிட்ட சான்றை) பெற்று, வழங்கியவர் யார், யாருக்காக, எதுவரை என்பவற்றைச் சரிபார்க்கிறது. கையொப்பச் சாவி மாறினாலும் புதியதை இணையத்தில் தானே எடுத்துக்கொள்கிறது. சாம்எல்லில், கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் சான்றிதழ் காலாவதியான காலையில் ஒருவராலும் உள்ளே நுழைய முடியாமல் போவது பழகிய தொல்லை.

புதிய செயலிக்கு நான் ஓப்பன்ஐடி கனெக்டையே எடுப்பேன். வாடிக்கையாளரின் பழைய அமைப்பு சாம்எல்லை மட்டுமே ஏற்குமானால், தேர்வுக்கே இடமில்லை.