ஸ்கெட்ச்அப்பில் டி.டபிள்யூ.ஜி. இம்போர்ட்: எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லும், அளவை மட்டும் சொல்லாது

ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. கோப்பாக வந்த பிளானை ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் இறக்கினால் கதவு 22.86 மீட்டர் அகலத்தில் வந்து நிற்கிறது, இந்த மென்பொருளையே விட்டுவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 900 மி.மீ. கதவை 900 அங்குலம் என்று படித்தால் சரியாக 22.86 மீட்டர்தான் வரும். மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அவருடைய எரிச்சல் நியாயமானது. நீண்ட நாள் புழங்கியும் எனக்கு இதில் ஆறாத குறை இந்த ஒன்றுதான்.

யூனிட்டை, அதாவது அளவலகை, தேர்ந்தெடுக்கும் இடம் இம்போர்ட் சாளரத்தில் கண்ணெதிரே இல்லை. ஆப்ஷன்ஸ் பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் திறக்காமலே கோப்பை இறக்கிவிடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. இறக்கி முடித்ததும் ஒரு முடிவுப் பட்டியல் வரும்: எத்தனை லேயர், எத்தனை கோடு, எவையெல்லாம் கைவிடப்பட்டன என்று. "வரைபடத்தின் மொத்த அகலம் இவ்வளவு" என்று ஒரு வரி அதில் சேர்த்திருந்தால் பாதிப் பேருடைய தலைவலி அங்கேயே தீர்ந்திருக்கும்.

மூலக் காரணம் கோப்பில்தான் இருக்கிறது. டி.டபிள்யூ.ஜி. வெறும் எண்களைச் சேமிக்கிறது, அதற்கு 900 என்றால் 900. அது மி.மீ.யா அங்குலமா என்பது இன்ஸ்யூனிட்ஸ் என்ற தனி மாறியில், சரக்கின் மேல் ஒட்டிய சீட்டு போல, இருக்கும்: 1 அங்குலம், 2 அடி, 4 மி.மீ., 5 செ.மீ., 6 மீட்டர், 0 என்றால் எதுவும் குறிப்பிடவில்லை. வரைந்தவர் அங்குல டெம்ப்ளேட்டைத் திறந்து மி.மீ. எண்களை அடித்திருந்தால் சீட்டு ஒன்று சொல்லும், சரக்கு வேறாக இருக்கும். ஆட்டோகேடில் யூனிட்ஸ் கட்டளையால் இதை மாற்றினாலும் சீட்டுதான் மாறும், கோடுகள் அசையாது. அதனால் ஸ்கெட்ச்அப்பில் "மாடல் யூனிட்ஸ்" என்று தேர்ந்தெடுப்பது முன்பின் தெரியாத ஒருவரின் டெம்ப்ளேட்டை நம்புவதற்குச் சமம். ஆட்டோகேட் கையில் இருந்தால் தூரத்தை அளக்கும் டிஸ்ட் கட்டளையால் ஒரு கதவை அளந்து பார்த்துவிடுங்கள். வரைபடத்தில் அளவாக எழுதியிருக்கும் டைமென்ஷன் எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதைக் கையால் மாற்றி எழுதியிருக்க முடியும்.

இறக்கிய பிறகு தவறு தெரிந்தால், வந்த அளவுக்கும் இருக்க வேண்டிய அளவுக்கும் உள்ள விகிதமே நோயைச் சொல்லிவிடும். 25.4 என்றால் அங்குலமும் மி.மீ.யும் மாறியிருக்கின்றன. 12 என்றால் அடியும் அங்குலமும், 304.8 என்றால் அடியும் மி.மீ.யும், 39.37 என்றால் மீட்டரும் அங்குலமும், 1000 என்றால் மீட்டரும் மி.மீ.யும். சரியாக 2 மடங்கு பிசகினால் யூனிட்டைச் சந்தேகிக்காதீர்கள். ஏ1 தாளுக்கு அமைத்ததை ஏ3-இல் அச்செடுத்த பி.டி.எஃப். மீது யாரோ வரைந்திருப்பார்கள். 0.97 போல ஒட்டாத விகிதம் வந்தால் "பக்கத்துக்குப் பொருத்து" என்று அச்சிட்ட தாள். அதில் கிடையாகவும் செங்குத்தாகவும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும், ஸ்கேன் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டிருக்கலாம்.

பெரிதாக வந்தால் பிழைத்துக்கொள்ளலாம், சிறிதாக வந்தால்தான் ஆபத்து. 0.001 அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 0.025 மி.மீ.க்குக் குறைந்த தூரத்தில் உள்ள இரு புள்ளிகளை ஸ்கெட்ச்அப் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. மீட்டரில் வரைந்ததை மி.மீ. என்று இறக்கினால் எல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்காகும், உண்மையில் 25 மி.மீ.க்குக் குறைந்த கோடுகளெல்லாம் அந்த எல்லைக்குள் விழும். ஜன்னல் சட்டத்தின் விளிம்பு, சிறு வளைவுகள், பூச்சுக் கோடு எல்லாம் போய்விடும். பிறகு ஆயிரம் மடங்கு பெரிதாக்கினாலும் போனது திரும்பாது, மூலைகள் மூடாது, ஃபேஸ் (கோடுகள் சூழ்ந்த பரப்பு) உருவாகாது. அன்டூ செய்து, யூனிட்டை மாற்றி மறுபடி இறக்குவதுதான் வழி. யூனிட் தெரியாத கோப்பு என்றால் மீட்டர் என்று இறக்கிவிட்டுப் பின்னர் சுருக்குங்கள்.

சுருக்குவதற்கு இதில் இருக்கும் டேப் மெஷர் கருவியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இறக்கியதை ஒரே தொகுப்பாக, அதாவது க்ரூப் ஆக்கி, உள்ளே நுழைந்து, அளவு தெரிந்த இரண்டு புள்ளிகளைச் சொடுக்கி, உண்மை அளவை அடித்து என்டர் தட்டினால் "அளவை மாற்றவா?" என்று கேட்கும். ஆம் என்றதும் மொத்த க்ரூப்பும் சரியான அளவுக்கு வந்துவிடும். கணக்குப் போட வேண்டியதில்லை. இதைவிட நேர்த்தியாக இந்த வேலையைச் செய்யும் கருவியை நான் பார்த்ததில்லை.

மூன்று இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். அளவை "30000mm" என்று யூனிட்டோடு அடியுங்கள், அங்குல டெம்ப்ளேட்டில் வெறும் எண் அங்குலமாகவே போகும். கதவை அளக்காமல் கட்டடத்தின் மிக நீண்ட பக்கத்தை அளங்கள்: 900 மி.மீ.யில் 1 மி.மீ. பிசகினால் 30 மீட்டரில் 33 மி.மீ. பிசகும். க்ரூப்புக்கு வெளியே நின்று செய்தால் மாடல் முழுவதும் மாறும், ஆனால் வேறு கோப்பிலிருந்து கொண்டுவந்த காம்பொனென்ட்கள் (நாற்காலி போன்ற ஆயத்தப் பொருள்கள்) மட்டும் மாறாது. வீடு சுருங்கி நாற்காலி மட்டும் பழைய அளவிலேயே நிற்பது அதனால்தான். மாடல் இன்ஃபோ என்ற அமைப்புச் சாளரத்தில் யூனிட்டை மாற்றுவது எதையும் திருத்தாது. அது எண்ணைக் காட்டும் விதம் மட்டுமே.

மாடல் முழுவதையும் திரைக்குள் காட்டும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் தட்டியதும் பிளான் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் உடனே ஸ்கேலைக் குறை சொல்ல வேண்டாம். எங்கோ தொலைவில் ஒரு தனிக் கோடு கிடக்கும், அதை அழித்தால் போதும். சர்வே ஆயத்தொலைவுகளோடு வந்த பிளான் மையத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப்போய் உட்காரும், நெருங்கிப் பார்த்தால் பரப்புகள் வெட்டுப்பட்டுத் தெரியும். ஆட்டோகேடிலேயே 0,0-க்கு நகர்த்திவிட்டு இறக்குங்கள். மாடிவாரியாகப் பல கோப்புகள் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே தூணின் மூலை அடிப்படைப் புள்ளியாக இருக்கட்டும்.

மதிப்பெண் கேட்டால் இம்போர்ட்டுக்கு ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். டேப் மெஷரை இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் இரண்டு என்றால், அந்தக் கருவிக்கு இவ்வளவு வேலை வைப்பதே இந்த இம்போர்ட்தான். நண்பருக்குச் சொன்ன பதில் இது: மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். அங்குலம் என்று இறங்கியதுதான் தவறு, அன்டூ செய்து ஆப்ஷன்ஸில் மில்லிமீட்டர் வைத்து இறக்குங்கள், கதவு 900 மி.மீ. வரும்.